திரும்ப வாங்கிய சாட்சி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே இருந்தது சின்னக்கா வேலை பார்த்த அறை. அறுவை அரங்கிலிருந்து ரத்தக்கறையோடு இறங்கி வரும் கத்திகள், கத்தரிக்கோல்கள், இடுக்கிகள் எல்லாம் அங்கே கழுவப்பட்டு, துணியில் பொட்டலமாகி, நீராவியில் வெந்து, மறுபடி மேலே போகும். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. முன்பு அங்கே பெரியக்கா என்று ஒருத்தி இருந்ததால் இவள் சின்னக்கா ஆனாள். பெரியக்கா ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் இவளுக்கு அந்தப் பதவி உயர்வு மட்டும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். ஒட்டும்போது அது வெறும் பழுப்பாக இருக்கும். ஆட்டோகிளேவ் என்னும் அந்த நீராவி இயந்திரத்துக்குள் போய்ச் சூடுபட்டு வந்தால், டேப்பில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள் எழும்பும். கோட்டைப் பார்த்ததும் வார்டில் இருப்பவர்கள் சுத்தம் என்று நம்பிப் பிரித்துவிடுவார்கள். ஆனால் கோடு அதைச் சொல்வதில்லை. இந்தப் பொட்டலம் இயந்திரத்துக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. எட்டு மடிப்புக்கு உள்ளே, கத்தரிக்கோலின் மூட்டு வரைக்கும் நீராவி போய்ச் சேர்ந்ததா என்பது மேலே ஒட்டிய டேப்புக்கு எப்படித் தெரியும்?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் குப்பி. விரல் நீளம் இருக்கும்; உள்ளே ஊதா நிறத் திரவமும், கொதிக்கிற தண்ணீரிலும் லேசில் சாகாத ஒரு வகைக் கிருமியும். நீராவி எட்டுவதற்கு மிகவும் சிரமப்படும் இடமாகப் பார்த்து, அதாவது கீழ்த்தட்டில் வடிகால் துளைக்குப் பக்கத்தில், குப்பியை வைப்பார்கள். வெளியே எடுத்ததும் கதகதப்பான ஒரு சின்னப் பெட்டியில் ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார்கள். கிருமி செத்திருந்தால் திரவம் ஊதாவாகவே நிற்கும். ஒன்றாவது பிழைத்திருந்தால் மஞ்சளாக மாறும். அந்த ஒரு நாள் பொறுத்திருக்க அறுவை அரங்குக்கு நேரம் கிடையாது. பொட்டலங்கள் முன்னாலேயே மேலே போய்விடும். ஆகவே மஞ்சள் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். போனதையெல்லாம் வார்டு வார்டாகத் தேடித் திரும்ப வாங்க வேண்டும்.

இருபத்தோரு வருஷத்தில் மூன்றே முறைதான் மஞ்சள் வந்திருக்கிறது. நான்காவது முறை வந்த அன்று சின்னக்காவின் நிலைமை வேறு.

அவளுடைய நோயைத் துக்கம் என்று பலரும் சொன்னார்கள். அவளுக்கு அது துக்கமாகப் படவில்லை. துக்கம் என்றால் எதையாவது பற்றி இருக்கும். இது எதைப் பற்றியும் இல்லை. பல் துலக்குவதில் எத்தனை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்று நோய் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. போர்வையை விலக்க வேண்டும், காலைத் தரையில் வைக்க வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், கதவு வரைக்கும் போக வேண்டும், பற்பசையின் மூடியைத் திருக வேண்டும். மூடிக்கு வரும்போதே அன்றைய நாளுக்கான பலம் தீர்ந்து போயிருக்கும். டாக்டரம்மா இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்ல மூடி திறந்தது. காப்பியில் ருசி தெரிந்தது. சிரிப்பு வருகிற இடத்தில் சிரிப்பு வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. மூன்றாம் நாள் அவளுக்குள் ஏதோ கட்டவிழ்ந்து லேசானது. அது பொய் இல்லை. அன்று ஆண்டவர் பக்கத்தில் இருந்தார் என்று இப்போதும் அவள் சத்தியம் செய்வாள். தவறு அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, தான் முழுக்கக் குணமாகிவிட்டதாகவும் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டதாகவும் சொன்னாள். எதையும் விளக்கமாகச் சொல்லிப் பழகியவள் ஆயிற்றே. பற்பசை மூடியில் தொடங்கி அத்தனையும் சொன்னாள். சபை அழுதது. யாரோ போனில் பிடித்தார்கள். அந்த வீடியோ அவளுக்குத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய் வந்தது.

சாட்சி சொன்ன ஏழாவது வாரம் மூடி மறுபடி இறுகியது.

அதை யாரிடம் சொல்வது? குணமானவள் என்று ஊரே அறிந்தவள் எந்த வாயால் நோய் என்று சொல்வாள்? ஞாயிறுதோறும் ஜெபம் பண்ணச் சொல்லி அவள் முன்னால் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் தலையில் அவள் கை வைத்து ஜெபித்தாள். கை மரக்கட்டையாக இருந்தது. வேதத்தில் ஒரு ஜெபம் இருக்கிறது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இருட்டு. ஒரு நன்றியோடுகூட அது முடிவதில்லை. அதை மட்டும் அவளால் வாசிக்க முடிந்தது. அவளுடைய சொந்த ஜெபம் அதைவிடச் சின்னதாகச் சுருங்கிப்போயிருந்தது. காலையில் காலைத் தரையில் வைக்கும்போது சொல்வாள்: "இருக்கேன் ஆண்டவரே. நீரும் இரும்." அவ்வளவுதான். பதில் எதுவும் வராது. ஆனால் அதைச் சொல்லாத நாளில் கால் கீழே இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரி வந்தாள். ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் பொட்டலம் கட்டும் துணிகளுக்கு ஓரம் அடிப்பவள்; அதே சபைக்காரி; பத்து வருஷமாக அதே மாத்திரையில் இருப்பவள். துணிக் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒரேயடியாவா நிறுத்தினீங்க, கொஞ்சம் கொஞ்சமாவா?"

சின்னக்காவுக்கு அன்று காலையில்தான் சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம் பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. ஆனால் சாட்சி கெட்டுப்போகுமே என்று பயந்தாள்.

"ஒரேயடியா," என்றாள்.

தையல்காரி தலையாட்டிக்கொண்டே போனாள்.

குப்பி மஞ்சளானது அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெட்டியைத் திறந்து பார்த்தவர் ரேடியோ. கருவிகளைக் கழுவும் அவர் கழுவும் சத்தத்தையும் மீறிப் பேசிக்கொண்டே இருப்பார் என்பதால் அந்தப் பெயர். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சின்னக்கா, கிருமி நம்மளவிட ஆரோக்கியமா இருக்கு."

இயந்திரத்தின் பதிவுத்தாளைப் பார்த்தார்கள். சூடு சரி, அழுத்தம் சரி, நேரம் சரி. அப்படியானால் அடுக்கியதில்தான் கோளாறு. முந்தின நாள் அடுக்கியவள் சின்னக்கா. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. காற்று நீராவியைவிடக் கனம். உலோகக் கிண்ணத்தை மல்லாத்தி வைத்தால், தண்ணீர் தேங்குவது போல அதற்குள் காற்று தேங்கி நிற்கும். காற்று நிற்கும் இடத்துக்குள் நீராவி நுழையாது. அதனால்தான் கிண்ணங்களைச் சரித்து, விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். காற்று தானாக வழிந்து வடிகாலுக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படிக்கும் பாடம் இது. நேற்று அவள் கீழ்த்தட்டில் அத்தனையையும் மல்லாத்தி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். விளிம்பில் நிறுத்தினால் சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கையைத் தூக்க முடியவில்லை.

ரேடியோ அவள் முகத்தைப் பார்த்தார். "கதவு ரப்பர் மேல போட்ரலாம். ரப்பர் வந்து இல்லேங்கப் போகுதா?"

அவள் பதிவேட்டை இழுத்து, 'தவறாக அடுக்கியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்ப வாங்குவதற்கென்று ஒரு படிவம் உண்டு. எந்தப் பொட்டலம், யாரிடம் போனது, பிரித்தாயிற்றா, திரும்பி வந்ததா என்று நான்கு கட்டங்கள். யார் தவறு என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. தவறை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் பொருள் திரும்பி வர வேண்டும். மொத்தம் நாற்பத்தாறு பொட்டலங்கள். தள்ளுவண்டியோடு இருவரும் ஒவ்வொரு மாடியாக ஏறினார்கள். முப்பத்தொன்பது பிரிக்காமல் கிடைத்தன. எல்லாவற்றின் மேலும் கோடுகள் கன்னங்கரேல் என்று, பார்க்க வெகு அழகாக இருந்தன. ஏழு பிரித்தாகிவிட்டது. அந்த ஏழு நோயாளிகளின் பெயரையும் எழுதி டாக்டர்களிடம் சொல்ல, அவர்கள் திட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடியில் நான்கு பொட்டலங்கள் இருந்தன. வார்டு நர்ஸ் அவற்றை எடுத்து வைத்தபடி மூலைப் படுக்கையைக் கண்ணால் காட்டினாள்.

"உங்க தையல்காரிதான். ஞாயித்துக்கிழமை கொண்டு வந்தாங்க. உயிர விடப் பாத்திருக்கு. எப்படியோ பொழைச்சுக்கிச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசமா மாத்திரைய தொடலயாம். சர்ச்சுல எவளோ சாட்சி சொன்னாளாம்."

சின்னக்கா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா எழுதவில்லை. இரண்டு தரம் உதறிவிட்டுப் போட்டாள். மூலையில் ஒரு போர்வையும், போர்வைக்கு வெளியே ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஒரு விரல்நுனியும் தெரிந்தன.

படிக்கட்டில் வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ரேடியோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"என்னுது ஒண்ணு வெளிய போயிருக்கு," என்றாள் அவள். "மேல கோடெல்லாம் கறுப்பாத்தான் இருந்துச்சு. உள்ள வேகல."

அவருக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் வண்டியிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தைக் கிழித்து அவளிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன்னிடம் நேரில் வந்து மாத்திரையைப் பற்றிக் கேட்டவர்கள் யார் யார் என்று யோசித்து எழுதினாள். பதினொரு பேர். வீடியோவில் பார்த்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் வந்து சாவியை ஆணியில் மாட்டினார். தான் மறுபடி நோயில் இருப்பதை அவரிடம் சொன்னாள்.

"தெரியும்," என்றார் அவர். "குழாயத் திறந்து வச்சுட்டு பல்லு வெளக்காம நிக்கற. ரெண்டு மாசமா பாக்கறேன்."

"கேட்டிருக்கலாமே."

"சாட்சி சொன்னவகிட்ட எப்படிக் கேக்கறது?" என்றார்.

எழுந்து வேனுக்குப் போய், கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருந்த டாக்டரம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஓரம் வெயிலில் மஞ்சளித்திருந்தது.

மறுநாள் டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திடீரென்று நிறுத்தினால் மூளை எப்படித் தடுமாறும், நிறுத்துவதாக இருந்தால் எப்படிப் படிப்படியாக இறங்க வேண்டும் என்று ஒரு தாளில் ஏணி மாதிரி வரைந்து காட்டினார். குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரமாவது ஆகும், அதுவரை வீட்டில் தனியாக இருக்கக் கூடாது, கிண்ணம் அடுக்கவும் கூடாது என்றார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டார். சில நாள் தோன்றுகிறது என்று அவளும் நேரடியாகவே சொன்னாள். அப்படித் தோன்றினால் உடனே கூப்பிடச் சொல்லித் தன் சொந்த எண்ணை எழுதிக் கொடுத்தார். ஜெபத்தை நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்திருந்தாள்; எத்தனை மணிக்கு ஜெபம் என்று கேட்டு, மாத்திரையை அதோடு சேர்த்துப் போடச் சொன்னார், மறக்காமல் இருக்க.

போதகர் அவ்வளவு சுலபமாக இல்லை. நல்ல மனிதர்தான், யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி எடுத்துப் போடுபவர். அவள் படிவத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சின்ன சபை, விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிப்போவார்கள் என்றார்.

"கொஞ்ச நாள் போகட்டுமே. நீங்க நல்லாயிட்டு வந்து, விழுந்தேன் எழுந்தேன்னு சொன்னா அது ஒரு சாட்சி."

"நான் நல்லாகற வரைக்கும் அவங்க மாத்திரை இல்லாம இருப்பாங்க ஐயா."

அவள் கிண்ணத்தைப் பற்றி, காற்றைப் பற்றி, குப்பியைப் பற்றிச் சொன்னாள். உள்ளே இருப்பதைப் பார்க்கிற ஆண்டவருக்கு மேலே ஒட்டுகிற டேப் எதற்கு, அதை நாம் மனிதருக்காகத்தானே ஒட்டிக்கொள்கிறோம் என்று கேட்டாள். அந்த வீடியோவைத் தானும் முப்பது பேருக்கு அனுப்பியதாகக் கடைசியில் சொன்னார். சாட்சி நேரத்தில் விட முடியாது, அறிவிப்பு நேரத்தில் மூன்று நிமிஷம் தருகிறேன் என்றார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, கதவருகே யாரோ விட்டுப்போன குடையைப் பற்றிய அறிவிப்புக்கும் வாசலில் வண்டி நிறுத்துவதைப் பற்றிய அறிவிப்புக்கும் நடுவில், சின்னக்கா எழுந்து மைக்குக்குப் போனாள். தாள் எதுவும் கொண்டுபோகவில்லை.

"நாலு மாசத்துக்கு முன்னாடி இங்க நின்னு நான் குணமாயிட்டேன்னு சொன்னேன். அதத் திரும்ப வாங்கிக்கறேன். நோய் போகல. திரும்பி வந்துருச்சு. வந்தப்புறமும், கேட்டவங்ககிட்ட வரலன்னேன். என் பேச்சக் கேட்டு யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா இன்னைக்கே டாக்டரப் போய்ப் பாருங்க. நானும் மறுபடி சாப்பிடறேன். ஆண்டவர் மேல எனக்கு நம்பிக்கை போகல. என் சாட்சிதான் தப்பு. அவர் இல்ல."

யாரோ இருமினார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிறகு வண்டி நிறுத்துவதைப் பற்றிய அறிவிப்பு வந்தது.

வாசலில் ஒரு பெரியவர் அவளை நிறுத்தி, சாத்தானுக்கு இடம் கொடுத்துவிட்டாயேம்மா என்றார். அவள் சரி என்று கேட்டுக்கொண்டாள். பம்ப் ஆபரேட்டர் ஒருவர் செருப்பு மாட்டுகிற சாக்கில் பக்கத்தில் குனிந்து, தானும் நிறுத்திவிட்டதாகவும், இன்றே போகிறேன் என்றும் செருப்பைப் பார்த்தே சொன்னார். அவர் பட்டியலில் இல்லாதவர். அப்படி இன்னும் எத்தனை பேரோ. போதகர் அன்று மத்தியானம் அவள் இப்போது சொன்னதை அந்த முப்பது பேருக்கும் அனுப்பினார்; எட்டுப் பேர் அவருக்குக் கோபமாகப் பதில் எழுதினார்கள்.

பதினொரு பேரில் ஒன்பது பேரை அவளே போனில் பிடித்தாள். நான்கு பேர் நிறுத்தவே இல்லை. மூன்று பேர் நிறுத்தி, பயந்து, தாங்களாகவே தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேர் இனிமேல் போகிறோம் என்றார்கள். பத்தாவது ஆளின் எண் உபயோகத்தில் இல்லை. அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

பதினொன்றாவது, மூன்றாம் மாடி.

தையல்காரி கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். சபையில் நடந்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. சின்னக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததும் கேட்டாள்:

"நான் வந்து கேட்டப்போ உங்களுக்குத் திரும்பி வந்திருந்துச்சா?"

"வந்திருந்துச்சு."

தையல்காரி சுவர்ப்பக்கம் திரும்பினாள். "உங்க வீடியோவ தெனமும் பாப்பேன். மூஞ்சியப் பாத்துப் பாத்து, எனக்கு மட்டும் ஏன் அந்தச் சுகம் வரலன்னு..." முடிக்கவில்லை. "போங்க," என்றாள்.

சின்னக்கா போனாள். மறுநாள் வந்தாள். அன்றும் தையல்காரி போகச் சொன்னாள், போனாள். சின்னக்கா விடுப்பில் இருந்தாள். வீட்டில் தனியாக இருக்கக் கூடாது என்பதால் கணவர் காலையில் வேனில் கொண்டுவந்து ரேடியோவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். இன்னும் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. மாத்திரை தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. படி ஏறுகையில் ஒவ்வொரு படியும் தனி வேலையாக இருந்தது. நான்காம் நாள் தையல்காரி போகச் சொல்லவில்லை.

"எனக்காக ஜெபம் பண்ணாதீங்க," என்றாள்.

"சத்தமா பண்ணல."

"உதடு ஆடுது."

சின்னக்கா கையால் வாயை மூடிக்கொண்டாள். தையல்காரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கையில் யாரோ தூக்கத்தில் முனகினார்கள்.

"என்னன்னு சொல்றீங்க?"

"இருக்கோம் ஆண்டவரே. நீரும் இரும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பதில் வருதா?"

"வரல," என்றாள் சின்னக்கா. இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை. "ஆனா சொல்றேன்."

நர்ஸ் மாத்திரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். தையல்காரி அதைப் பார்த்தாள், தொடவில்லை. சின்னக்கா தன் பையிலிருந்து தன்னுடைய மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வாயில் போடவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றி இருவருக்கும் நடுவில் வைத்தாள். மடியில் மடித்து வைத்திருந்த படிவத்தில் தையல்காரிக்கு நேரே, திரும்பி வந்ததா என்று கேட்கும் கடைசிக் கட்டம் இன்னும் எழுதாமலே இருந்தது.

வெகுநேரம் ஆயிற்று. மாத்திரையின் மேல்பூச்சு உள்ளங்கை ஈரத்தில் கரைந்து நிறம் ஒட்டத் தொடங்கியிருந்தது. போர்வைக்குள்ளிருந்து அந்தக் காய்த்துப்போன விரல்கள் வெளியே வந்து கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தன. பிடித்தபடியே நின்றன.

சின்னக்கா காத்திருந்தாள். உதடு ஆடியது. தையல்காரி அதை நிறுத்தச் சொல்லவில்லை.